வெளிச்சத்திடம் கேள்வி கேட்டவள்

"யம்மா, இந்தத் தடவ நீ வாரதுதான். அதுவும் முன் வரிசையில உக்காரணும்" என்று என் மகள் சென்னையிலிருந்து போனில் சொன்னபோது நான் வாயே திறக்கவில்லை. அவளும் விடவில்லை. "லைன்ல இருக்கியா?" என்றாள். "இருக்கேன்" என்றேன். "வாரேன்னு சொல்லு." நான் போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

வைவா என்று ஒன்று இருக்கிறதாம். வருஷக்கணக்காகப் படித்து, பரிசோதனை செய்து, எழுதி முடித்த பிறகு நாலு பேர் முன்னால் எழுந்து நின்று பேச வேண்டும். பெரிய பெரிய ஆட்கள் கேள்வி கேட்பார்கள். தடுமாறாமல் பதில் சொன்னால்தான் பட்டம். யார் வேண்டுமானாலும் வந்து உட்கார்ந்து கேட்கலாம், பெற்றவர்களும் வரலாம் என்றாள். ரயிலுக்கோ பட்டணத்துக்கோ நான் பயப்படவில்லை. நான் பார்த்தால் என் மகளுக்குப் பேச்சு வராது. அதுதான் என் பயம்.

அவள் ஐந்தாம் வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்தில் பேச்சுப் போட்டி வைத்தார்கள். பாம்பன் பக்கத்து அக்காள்மடத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டின் மேல் ஏறி நின்றுகொண்டு கோழிகளுக்குப் பேசிக் காட்டுவாள். நான் அடுப்படியில் முதுகைக் காட்டியபடி மீன் ஆய்ந்துகொண்டே கேட்பேன். ஒரு எழுத்துப் பிசகாது. போட்டியன்று கோயிலுக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு போனேன். கடைசியில் நிற்கப் போன என்னைப் பள்ளிக்கூடத்தை நடத்துகிற பெரிய சிஸ்டர் கையைப் பிடித்து இழுத்து வந்து முன் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். மகள் மேடைக்கு வந்தாள். "அவைத் தலைவர் அவர்களே" என்று தொடங்கினாள். அவள் கண் என் மேல் விழுந்தது. அடுத்த வார்த்தை வரவில்லை. எனக்கு வெட்கம் தாங்கவில்லை, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். நான் மூடியதைப் பார்த்ததும் அவளுக்கு மிச்சம் இருந்த பேச்சும் போய்விட்டது. கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது, "நீ பாத்ததும் எல்லாம் போயிருச்சும்மா" என்றாள். குறையாகச் சொல்லவில்லை. மழை வந்துவிட்டது என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் பேசின எந்த இடத்திலும் நான் உள்ளே போனதில்லை. பரிசு கொடுக்கிற விழாவா, மேல்நிலைப் பள்ளியில் பட்டிமன்றமா, மதுரையில் கல்லூரி ஆண்டு விழாவா, போவேன். போய் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு நின்றுகொள்வேன். ஒலிபெருக்கியில் அவள் குரல் வரும். அந்தக் குரல் ஒரு நாளும் தடுமாறியதில்லை. நான் பார்க்கவில்லை அல்லவா, அதனால்தான் என்று நினைத்துக்கொண்டு, கைதட்டல் ஓய்வதற்குள் பஸ்ஸைப் பிடிக்க வந்துவிடுவேன்.

என்னைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நான் ஐந்தாவது வரைதான் படித்தேன். கடையில் ஆள் நின்றால் அவர்கள் போகிற வரைக்கும் தள்ளி நிற்பேன். மாதா கோயிலில் பூசை கேட்பதும் தூணுக்குப் பின்னால்தான். நாலு பேர் என்னைப் பார்த்தால் கை தன்னால் முந்தானையைத் தேடிப் போகும். "ஒன்னயக் கட்டுனதுக்கு அந்தத் தூணக் கட்டியிருந்தா அதாவது ரெண்டு வார்த்த பேசியிருக்கும்" என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அவர் நாட்டுப் படகில் வலைக்குப் போகிறவர். கரையில் இருக்கிற நேரமெல்லாம் பேச்சுதான். எங்கள் வீட்டுக்கு அது போதும் என்று நான் விட்டுவிட்டேன்.

மகளுக்கு விவரம் தெரிந்த காலத்தில் நான் கடல் அட்டை அவிக்கிற வாடியில், கடற்கரைக் கொட்டகையை அப்படித்தான் சொல்வோம், வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அப்போது அட்டை பிடிக்க அரசாங்கத் தடை வரவில்லை. முங்கி எடுத்து வருகிறவர்கள் கூடை கூடையாகக் கொட்டுவார்கள். கீழக்கரை வியாபாரிக்கு அனுப்புவதற்கு அதைத் தரம் பிரித்து, வயிறு கீறி, அவித்து, மணலில் புதைத்து, தேய்த்துக் காய வைக்க வேண்டும். பார்ப்பதற்குச் சாம்பல் நிறத்தில் வெள்ளரிக்காய் மாதிரி கிடக்கும். தண்ணீருக்குள் சும்மா விட்டால் நீளமாகத் தளர்ந்து படுத்திருக்கும். கையில் எடுத்தால் சுருங்கிக் கல்லாகிவிடும். இன்னும் தொந்தரவு செய்தால் குடலையே வெளியே தள்ளிவிடும். அதனால் நாங்கள் தொட்டி ஓரத்தில் உட்கார்ந்து, கை வைக்காமல் கண்ணாலேயே இது முதல் ரகம், இது அடுத்தது என்று முடிவு பண்ணிக்கொண்டு, பிறகுதான் எடுப்போம். அளக்கப் போனால் அளவு மாறிவிடும். இது வாடியில் வேலை பார்த்த எல்லாப் பெண்களுக்கும் தெரிந்ததுதான்.

மகள் சென்னையில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்த புதிதில் ஊருக்கு வந்திருந்தாள். திரும்பிப் போகிற அன்று, பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவளிடம், "அப்படி என்னதான்த்தா படிக்கிற? யாரும் கேட்டா சொல்லணும்ல" என்றேன்.

"வெளிச்சத்த அளக்கிறதும்மா. ரொம்பச் சின்ன வெளிச்சம். அளந்தா அது மாறிருது. எப்படி மாறுது, ஏன் மாறுதுன்னு பாக்குறேன்."

"அட்ட மாதிரியா? தொட்டா சுருங்குமா?"

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே, "அப்படித்தான்னு வச்சுக்கயேன்" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டாள்.

எனக்கு அது போதுமாக இருந்தது. பேசாத நான் தெருவெல்லாம் சொன்னேன். தண்ணீர் பிடிக்கிற குழாயடியில், வலை பின்னுகிற இடத்தில், ஞாயிற்றுக்கிழமை பூசை விட்டு வருகிற வழியில். வெளிச்சமும் அட்டை மாதிரித்தான், கை வைத்தால் அளவு மாறிவிடும், என் மகள் அதைத்தான் படிக்கிறாள் என்று. என்னோடு வாடியில் பக்கத்துத் தொட்டியில் வேலை பார்த்தவள் அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். அவள் வாய் சும்மா இருக்குமா.

"அட, அட்டப் படிப்பா படிக்கிறா ஒம் மக? அத நாம வருசக்கணக்கா கூலிக்குப் படிச்சமே. நமக்கு ஒரு பட்டமும் தரக் காணோம்."

"இது வெளிச்சம்டி."

"வெளிச்சத்துக்குக் கொடலு இருக்கா? வெளிய தள்ளுமா?"

அதிலிருந்து தெருவில் என் மகள் படிப்புக்கு அட்டைப் படிப்பு என்றே பெயராகிவிட்டது. எனக்குக் கோபம் வரவில்லை. எங்கள் தெருவுக்கும் அவள் படிப்புக்கும் நடுவில் ஒரு பாலம் போட்டுவிட்டேன் என்று பெருமையாகத்தான் இருந்தது.

அந்தப் பாலம் ஒரு கிறிஸ்மஸ் லீவில் உடைந்தது. மத்தியானச் சாப்பாடு முடிந்திருந்தது. மகள் பையிலிருந்து சாம்பல் நிறத்தில் மூன்று பிளாஸ்டிக் தாள்களை எடுத்தாள். கூலிங் கிளாஸ் கண்ணாடியை வெட்டி எடுத்தது போல இருந்தன. என்னையும் அவள் அய்யாவையும் வாசலுக்குக் கூப்பிட்டாள். ஒரு தாளை வெயிலுக்கு நேரே பிடித்தாள். கொஞ்சம் மங்கலாக வெளிச்சம் வந்தது. அதன் மேல் இரண்டாவது தாளைக் குறுக்காக வைத்தாள். இருண்டுவிட்டது. வெயில் அடிக்கிற நேரத்தில் அவள் கையில் கரிச்சட்டி மாதிரி ஒரு சதுரம்.

"முதல் தாளு வெளிச்சத்துக்கிட்ட ஒரு கேள்வி கேக்குது. நீ நிக்கிறியா, படுத்திருக்கியான்னு. நிக்கிறேன்னு சொன்னத மட்டும் விடும். ரெண்டாவது தாளு படுத்ததத்தான் விடும். நிக்கிறது அங்கன வந்து மாட்டிக்கிரும். அதான் இருட்டு" என்றாள்.

"சரி, ரெண்டு வலையும் சேந்து அடைச்சிருச்சு" என்றார் என் வீட்டுக்காரர்.

"இப்பப் பாருங்க" என்று மூன்றாவது தாளை இரண்டுக்கும் நடுவில் சாய்வாகச் செருகினாள். இருட்டாக இருந்த இடத்தில் வெளிச்சம் வந்தது. என் வீட்டுக்காரர் தாள்களை அவள் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். நடுத் தாளை எடுத்தார், இருட்டு. செருகினார், வெளிச்சம். நேராகச் செருகினார், இருட்டு. சாய்த்தார், வெளிச்சம்.

"ஏத்தா, என்னய ஏமாத்துறியா? வலை மேல வலை போட்டு மீனு ஒண்ணுகூடத் தப்பாம அடைச்சாச்சு. நடுவுல இன்னொரு வலையத் திணிச்சா மீனு வெளிய வருமா? வலை கூடுனா மீனு கொறையும். எந்தக் கடல்ல கூடும்?"

"எந்தக் கடல்லயும் கூடாதுய்யா. அதான் விசயம். வலை மீனத் தடுக்கும், மீன மாத்தாது. இந்தத் தாளு வெறும் வலை இல்ல. நடுத் தாளு போயி வேற கேள்வி கேக்குது. நீ இந்தப் பக்கம் சாஞ்சிருக்கியா, அந்தப் பக்கம் சாஞ்சிருக்கியான்னு. இந்தப் பக்கம்னு சொல்லிட்டு வெளிய வார வெளிச்சத்துக்கு, முன்னாடி நின்னுக்கிட்டு இருந்தமேங்கிறது அழிஞ்சு போயிரும். சாஞ்ச வெளிச்சமா அது புதுசாப் பெறக்குது. சாஞ்சதுல பாதி, படுத்தத விடுற அந்த ரெண்டாவது தாளத் தாண்டி வந்திரும்."

அவர் தாள்களை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விட்டார். கோழிகளை, படகு கட்டுகிற கயிற்றை, வானத்தை, எல்லாவற்றையும் மூன்று தாள் வழியாகவும் பார்த்துக்கொண்டு நின்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "அட்டையும் இப்படித்தானே? தொட்டதும் நீளம் மாறிருதுல்ல?"

"இல்லம்மா" என்றாள். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அன்னைக்கு அவசரத்துல ஆமான்னுட்டேன். நீ தெரு முழுக்கச் சொல்லிட்ட. நீ தொடாட்டியும் அட்டைக்கு ஒரு நீளம் இருக்குல்ல? தண்ணிக்குள்ள அது பாட்டுக்குப் படுத்திருக்கும்போது?"

"இருக்கும். கண்ணால பாத்தே சொல்லுவமே."

"வெளிச்சத்துக்கு அது கிடையாது. நிக்கிற வெளிச்சத்துக்கிட்டப் போயி, நீ இந்தப் பக்கச் சாய்வா அந்தப் பக்கச் சாய்வான்னு கேட்டா, கேக்குறதுக்கு முன்னாடி அதுக்கிட்ட அந்தப் பதிலே இல்ல. நமக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கிறதும் இல்ல. கேட்ட பின்னாடிதான் பதில் உண்டாகுது."

எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. தெருவெல்லாம் தப்பாகச் சொல்லிவிட்டேனே என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், நான் எட்டிப் பிடித்துவிட்டேன் என்று நினைத்த இடத்துக்கு மேலே என் மகள் போயிருக்கிறாள் என்று நெஞ்சு விம்மியது. எங்கள் வாடியில் இருந்த எந்தப் பொருளும் அவள் படிப்புக்கு ஈடாகவில்லை.

பாத்திரம் கழுவும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பதில் இல்லாமல் ஒன்று எப்படி இருக்கும்? கேட்ட பின்னால் எப்படி உண்டாகும்? அப்போதுதான் என் கல்யாணம் ஞாபகம் வந்தது. எழுபத்து நாலாம் வருஷம். வீட்டில் பேசி முடித்தார்கள், கோயிலில் மூன்று ஞாயிறு கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தார்கள். அது வரைக்கும் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை. பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, சாமியார்தான் முதல் முதலாகக் கேட்டார், இவரை மணக்கச் சம்மதமா என்று.

ஈரக் கையோடு வந்து மகளிடம் சொன்னேன். "அந்த நிமிசம் வரைக்கும் எனக்குள்ள ஆமாவும் இல்லத்தா, இல்லையும் இல்ல. மனசுக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன்னு நெனைக்காத. இல்லவே இல்ல. அவரு கேட்டதும் சம்மதம்னு வாயில வந்துச்சு. வந்த பெறகு அதுதான் நான். முன்னாடி எப்படி இருந்தேன்னு இன்னைக்கு யோசிச்சாலும் வரல."

அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். பிறகு, "அட்டைய விட இது கிட்டத்துல வருதும்மா" என்றாள்.

"முழுசா வரலையா?"

"முழுசா வராது. மனுசருக்கு மனசு இருக்கு, நெனப்பு இருக்கு. வெளிச்சத்துக்கு அதெல்லாம் இல்ல. ஆனா கிட்ட வருது."

கொல்லையிலிருந்து, "என்ன, என்னயப் பத்தியா பேசுறீக?" என்று குரல் வந்தது.

"ஒங்களப் பத்தித்தான். வெளிச்சத்துக்கு ஒங்களக் கட்டிக்கிடச் சம்மதமான்னு கேட்டுக்கிட்டு இருக்கோம்" என்றாள் மகள். மூன்று பேரும் சிரித்தோம்.

அன்று சாயங்காலம் அவள் தன் சொந்தப் பரிசோதனையையும் சொன்னாள். நம் கண்ணும் கேமராவும் வெளிச்சத்தை விழுங்கித்தான் பார்க்கின்றனவாம். பார்த்த வெளிச்சம் அதோடு தீர்ந்தது. அதைத் தீர்க்காமல் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் வேலை. தலைமுடி மாதிரி மெல்லிய கண்ணாடி இழைக்குள் இரண்டு வெளிச்சத்தைச் சேர்த்து அனுப்புவாள். முதலாவது எவ்வளவு பலமாக இருக்கிறதோ அந்த அளவுக்கு இரண்டாவதைக் கொஞ்சம் தள்ளும். இரண்டாவதைப் பிடித்துப் பார்த்தால் முதலாவதின் பலம் தெரிந்துவிடும். முதலாவது விழுங்கப்படாமல், பலம் குறையாமல் வெளியே வந்துவிடும்.

"அப்ப அதுக்கு ஒண்ணுமே ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஆகும். அதோட அலை எப்ப எழும்பும், எப்ப தாழும்ங்கிற தாளம் கொழம்பிப் போகும். கலங்காமப் பாக்க முடியாதும்மா. எது கலங்கட்டும்னு மட்டும் நாம முடிவு பண்ணலாம்."

இதைச் சொன்னாளே தவிர, அது இன்னும் அவளுக்குக் கைகூடவில்லை. பலமும் கலங்கியது, தாளமும் கலங்கியது. ஊருக்கு வந்தாலும் தட்டில் சோற்றை வைத்துக்கொண்டு எங்கேயோ பார்ப்பாள். கூடப் படித்தவர்கள் முடித்துவிட்டுப் போனார்கள். சொந்தக்காரர்கள், "போதும், கூட்டிக்கிட்டு வந்து ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க" என்றார்கள். என் வீட்டுக்காரர் அவர்களிடம், "வலை போட்டவன் இழுத்து வாங்குறப்ப வாங்குவான். நீங்க கரையில நின்னு கத்தாதீக" என்று சொல்லிவிட்டார். நான் தூணுக்குப் பின்னால் நின்று வேண்டிக்கொண்டேன். அட்டைக்குத் தடை வந்து, வாடியெல்லாம் பூட்டி, நான் கருவாடு காயப்போடப் போய்க்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள் போன் வந்தது. "வந்திருச்சும்மா" என்றாள். "பலம் அப்படியே இருக்கு. தாளம் மட்டும் போச்சு."

அதற்குப் பிறகுதான் இந்த வைவா. இத்தனை வருஷ உழைப்பும் அந்தக் கொஞ்ச நேரப் பேச்சில் இருக்கிறது. அங்கே போய் முன் வரிசையில் உட்கார்ந்து, ஐந்தாம் வகுப்பில் செய்ததை நான் மறுபடியும் செய்துவிட்டால்?

"நான் வெளிய நின்னுக்கிறேன்த்தா. எப்பவும் போல" என்றேன் போனில்.

"எப்பவும் போலன்னா?"

"சுவத்துக்கு அந்தப் பக்கம். நீ பள்ளிக்கூடத்துல பேசுனப்ப எல்லாம் அங்கனதான நின்னேன். நான் பாக்கல, நீயும் தடுமாறல."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. "யம்மா, நீ சுவத்துக்குப் பின்னாடி நின்ன. ஒன் குடை சுவத்துக்கு மேல நின்னுச்சு. கறுப்புக் குடை, ஒரு கம்பி ஒடிஞ்சு தொங்கும். மேடையில ஏறுனதும் முதல்ல அதத்தான் தேடுவேன்."

இத்தனை வருஷமும் மறைந்து நின்றதாக நினைத்திருந்தேன்.

"நீ பாக்காட்டியும், அங்கன இருக்கன்னு தெரிஞ்சாலே போதும். அதுவும் பாத்த மாதிரிதான். எங்க படிப்புலயும் அப்படித்தான்."

"அப்ப ஏன் நீ தடுமாறல?"

"தடுமாறலன்னு யாரு சொன்னா? நீ காதால மட்டும் கேட்ட. வா. வந்து கண்ணால பாரு."

போனை வைத்த பிறகு அந்த வார்த்தை என்னை விடவில்லை. குரலில் ஒரு பிசகும் இல்லாத பிள்ளை எங்கே தடுமாறியிருப்பாள்? அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசைதான் என்னை ரயிலில் ஏற்றியது. பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்து போகும்போது என் வீட்டுக்காரர், "பயமா இருக்கா?" என்று கேட்டார். "கேக்காதீக. கேட்டா இருக்கும்" என்றேன்.

சென்னையில் வைவா நடந்த அறை எங்கள் கோயிலில் பாதி இருக்கும். சுவரில் வெள்ளைத் திரை. நாற்காலிகளில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக நிறைந்திருந்தார்கள். முன் வரிசையில் இரண்டு நாற்காலியை எங்களுக்கென்று விட்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் சலவை வேட்டியில் விறைப்பாக உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் வந்து நின்றது அவள் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது. நான் ஊரில் எடுத்துக் கொடுத்த நூல் சேலை கட்டியிருந்தாள்.

பார்க்கத்தானே வந்தோம் என்று தலையைத் தூக்கினேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழிக்கூண்டு, பெரிய சிஸ்டர், அவைத் தலைவர் அவர்களே, எல்லாம் ஒரே மூச்சில் வந்து போயின. அவள் வாயைத் திறந்தாள். இங்கிலீஷில் பேசினாள். ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலை எனக்குத் தெரியும். சுவருக்குப் பின்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நான் கேட்ட அதே குரல். ஏறவில்லை, இறங்கவில்லை, ஒரு இடத்தில் நிற்கவில்லை.

அவள் கையில் பேனா மாதிரி ஒன்று வைத்திருந்தாள். அதை அமுக்கினால் திரையில் சிவப்பாக ஒரு புள்ளி விழும். எதைப் பற்றிப் பேசுகிறாளோ அங்கே அந்தப் புள்ளியை வைப்பாள். என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை இடித்தார்.

"அங்கன பாரு. புள்ளி ஆடுது."

பார்த்தேன். புள்ளி ஓரிடத்தில் நிற்கவில்லை. அலையில் தக்கை ஆடுவதைப் போலத் துள்ளிக்கொண்டே இருந்தது. திரையிலிருந்து கண்ணை எடுத்து அவள் கையைப் பார்த்தேன். விரல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் புரிந்தது. இத்தனை வருஷமும் எல்லா மேடையிலும் இந்தக் கை நடுங்கியிருக்கிறது. நான் காதால் மட்டும் கேட்டதால் எனக்குத் தெரியவில்லை.

"வாயி நடுங்கலைல்ல" என்றேன் அவரிடம்.

"இல்ல. அது பாட்டுக்கு ஓடுது" என்றார்.

பேசி முடித்ததும் கேள்விகள். வெளியூரிலிருந்து வந்திருந்த வயதான பேராசிரியர் ஒருவர் நீளமாக ஒன்று கேட்டார். மகள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் சிரித்துக்கொண்டு, கையிலிருந்த பேனாவை அமுக்கித் திரையில் புள்ளியை விழ வைத்து ஏதோ சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தப் பேராசிரியரும் மேசையைத் தட்டிச் சிரித்தார். நாங்கள் மட்டும் ஒன்றும் தெரியாமல் விழித்தோம். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். அத்தனை பேர் நடுவில், எங்கள் தெருத் தமிழில் சொன்னாள்.

"சார் கேக்குறாக, பாத்தா கலங்கும்னு நீயே சொல்ற, ஒன் பரிசோதனையில அந்தக் கலக்கம் எங்கன போச்சுன்னு. எங்கயும் போகல, பலத்துல விழாம தாளத்துல விழ வச்சிருக்கேன்னு சொன்னேன். நம்பிக்கை இல்லைன்னா இந்தப் புள்ளியப் பாருங்க. முன் வரிசையில எங்கம்மா உக்காந்து பாக்குறாக. கலக்கம் பேச்சுல விழாம கையில விழுந்திருக்குன்னு சொன்னேன்."

அறை முழுக்க என் பக்கம் திரும்பியது. முன்னால் இருந்தவர்கள், பின்னால் இருந்து எட்டிப் பார்க்கிற பிள்ளைகள், அந்தப் பெரியவர், எல்லாக் கண்ணும் என் மேல். கை தன்னால் முந்தானையைத் தேடிப் போனது. பாதி வழியில் அது நின்றது. நிறுத்தியது நானா என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தூக்கி, அவர்கள் பார்க்கிற வரைக்கும் பார்க்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அந்தப் பெரியவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

பிறகு அவர்கள் தனியாக வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தார்கள். ஒருவர் எழுந்து நின்று ஏதோ அறிவித்தார். கைதட்டினார்கள்.

"என்ன, பாசா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"கை தட்டுறாகள்ல. பாசுதான்."

மகள் நேரே எங்களிடம் வந்தாள். அவள் கையை எடுத்து என் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டேன். அது இன்னும் அடங்கவில்லை. சூடாக, பிடித்த மீன் மாதிரி துடித்துக்கொண்டிருந்தது. அடங்குகிற வரைக்கும் நான் விடவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் குழாயடிக்குப் போனேன். ஆள் நிறைய இருந்தது. வழக்கமாகத் தள்ளி நிற்கிறவள் அன்று நடுவில் போய் என் குடத்தை வைத்தேன். அடுத்த வீட்டுக்காரி என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்ன, அட்டப் படிப்பு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. ஆனா அது அட்ட இல்லடி. நான் சொன்னது தப்பு. அட்டைக்குத் தொடுறதுக்கு முன்னாடியும் ஒரு நீளம் இருக்கு. வெளிச்சத்துக்கு, கேக்குறதுக்கு முன்னாடி பதிலே கிடையாது."

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் இவ்வளவு நீளமாகப் பேசி அவர்கள் கேட்டதில்லை.

"சரித்தான். நீ போயி முன்னாடி உக்காந்தியாமே. ஒன்னயப் பாத்து தடுமாறுனாளா, இல்லையா?"

"தடுமாறுனா" என்றேன். "கையில."